தறிச் சத்தத்தில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு

“நீங்க எந்தக் கெம்பஸ்ல படிச்ச?” என்று ஒரு பிள்ளையின் வாப்பா பந்தல் நிறையச் சனம் இருக்கும்போது எழும்பிக் கேட்டார். “குவைத்துல, ஒரு வீட்டு அடுப்படியில” என்றேன். அந்தப் பதிலால் எனக்கு ஒரு வேலை போனது. மறுபடியும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாரும் துரத்தவில்லை. ஓரிடத்தில் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தேன். நீர்கொழும்பில் கருவாடு காயப் போட்டேன். பிறகு குவைத்துக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். முதல் வீட்டில் சாப்பாடு குறைவு. இரண்டாவது வீட்டில் நித்திரை குறைவு. மூன்றாவது வீட்டில் இரண்டும் கிடைத்தன, பாஸ்போர்ட் மட்டும் என் கையில் இல்லை. எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் சீமெந்துச் சுவர் இப்படிப் போன பெண்கள் எழுப்பியதுதான். சுவர் எழும்பும்வரை “வெளிநாட்டுல இரிக்கா” என்பார்கள். திரும்பி வந்தால் “கத்தாமா” என்பார்கள். அரபு வீடுகளில் வேலைக்காரியைக் கூப்பிடுகிற பெயர் அது. அங்கே கேட்டபோது வலிக்கவில்லை. செய்த வேலைக்கு வைத்த பெயர்தானே. இங்கே கேட்டபோதுதான் வலித்தது.

அந்த மூன்றாவது வீட்டில் இரட்டைப் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கப் பழக்க ஒரு பெண் பின்னேரங்களில் வருவாள். அதே அறையின் மூலையில் நின்று நான் துணி அயர்ன் பண்ணுவேன். அவள் எழுத்துகளின் பெயரை முதலில் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் போடுகிற சத்தத்தைத்தான் சொன்னாள். சில எழுத்துகளுக்கு இரண்டு சத்தம் இருக்கும் என்றாள், ஒன்று கட்டை, மற்றது நீளம். நீளச் சத்தம் என்றால் அந்த எழுத்து தன் பெயரையே சொல்கிறது என்று அர்த்தம். சொல்லின் கடைசியில் ஈ என்ற இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றால் அது வாய் திறக்காது, ஆனால் முன்னால் நிற்கிற எழுத்தைத் தன் பெயர் சொல்ல வைத்துவிடும். ‘கிட்’ என்ற சொல்லின் பின்னால் அந்த ஈ நின்றால் ‘கைட்’. அதாவது பட்டம்.

பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் அங்கே இருந்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூலையில் நான் அசையாமல் நின்றேன். வீட்டுக்காரரின் நீளச் சட்டையின் கை ஒன்றைக் கருக்கி ஏச்சு வாங்கியதும் பாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான். பிறகு அடுப்படியில் டின்களையும் பெட்டிகளையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். முதலில் வாசித்தது ‘கேக்’ என்ற சொல். அதைப் பெட்டியில் வாசித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை சத்தமாக வாசித்தேன்.

ஊருக்குத் திரும்பி மருதமுனையில் ராத்தா வீட்டில் தங்கினேன். ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். அவள் வீட்டுக்குப் பின்னால் தறிக் கொட்டில். ராத்தாவும் பக்கத்து வீட்டு மச்சியும் ஆளுக்கொரு தறியில் இருந்து ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்வார்கள். நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். ராத்தாவின் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துப் பக்கம் முழுவதையும் கடகடவென்று வாசிப்பாள். ஒருநாள் புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் கடகடவென்று வாசித்தாள்.

“பாடமாக்கி வச்சிரிக்காய், என்ன?” என்றேன்.

“டீச்சரும் பாடமாக்கத்தான் சொன்ன, சாச்சி.”

அன்றைக்கே தொடங்கினேன். கரித்துண்டால் கொட்டில் சுவரில் எழுதினேன். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு அடுத்த ஒழுங்கைப் பிள்ளைகளும் வந்தார்கள். ராத்தா தறியை நிறுத்தவில்லை. பெருநாளுக்கு முன்னர் துணி கொடுத்து முடிக்க வேண்டும், நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையுமில்லை. இரண்டு தறியிலும் நாடா ஓடி ஓடி இடிக்கிற சத்தத்துக்கு மேலால் நான் கத்துவேன். மச்சி சிரிப்பாள். “இவ எத்தின நாளைக்கு நிப்பா? மழைக்கு முந்தி பெட்டியக் கட்டிருவா” என்று நூல் அறுந்து தறி நிற்கிற நேரம் பார்த்து என் காதில் விழவே சொல்வாள்.

கட்டைச் சத்தம் எல்லாம் சுகமாகப் போனது. நீளச் சத்தத்தில் போய் முட்டினேன்.

சுவரில் ‘கைட்’ என்பதை எழுதி, “இதுல ஈ கடைசியில நிக்கி. அதால இந்த எழுத்துக்கு நீளச் சத்தம். நீட்டிச் சொல்லுங்க” என்றேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை ஒவ்வொன்றாக மடக்கி, “கீ…ட்” என்றார்கள். ஒருவரும் பிசகவில்லை. அவ்வளவு ஒற்றுமை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விளங்கியது. காலையில் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைகள் அவர்கள். அங்கே எந்த இடத்தில் நீட்டுவது, எவ்வளவு நேரம் நீட்டுவது என்று ஓதிக் கொடுக்கிற லெப்பை விரல் மடக்கிப் பழக்குவார். பிழையாக நீட்டினால் விடமாட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்திலும் அப்படித்தான், ‘இ’ நீண்டால் ‘ஈ’. வாய் அதே வாய், நேரம்தான் கூட. நான் நீட்டச் சொன்னேன், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிகத் திறமான முறையில் நீட்டினார்கள். பிழை பிள்ளைகளில் இல்லை. இங்கிலீஷில் நீளம் என்று சொல்லப்படுவது நீளமே இல்லை. அது வேறொரு வாய். ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடிகிற வாய்.

இதை எப்படிச் சொல்வது? கத்திப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் ‘கைட்’டும் ‘கீட்’டும் ஒன்றாகத்தான் கேட்டன. நாள்கணக்காக விரல்கள் மடங்கிக்கொண்டே இருந்தன.

ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது ராத்தாவின் மகள் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னடி?”

“உம்மா உங்களப் பகிடி பண்றா சாச்சி. குவைத் மகாராணிக்கு இண்டைக்குத் தொண்ட கட்டப் போகுதாம்.”

திரும்பிப் பார்த்தேன். ராத்தா குனிந்து தறியை மிதித்துக்கொண்டிருந்தாள். மச்சியின் தோள் குலுங்கியது. இரண்டு பேரும் ஒரு சத்தமும் போடவில்லை. தறி ஓடும்போது அவர்கள் போடுவதேயில்லை. வாயை அகலத் திறந்தும் குவித்தும் சத்தமில்லாமலே கதைப்பார்கள். கறி என்ன, யார் வீட்டில் கலியாணப் பேச்சு, மாமியார் சொன்னது, எல்லாம் அப்படித்தான். வாசலில் நிற்கிற ஆண்களுக்கு ஒரு சொல்லும் போகாது. நானும் அந்தக் கொட்டிலில் வளர்ந்தவள்தான், எனக்கும் அது தெரியும். அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்குமே தெரியும். தொட்டிலில் கிடக்கும்போதே உம்மாமாரின் வாயைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

தொண்டையை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லாமல், ராத்தா மச்சியோடு கதைக்கிற மாதிரி, வாயால் மட்டும் ‘கிட்’ என்றேன். பிறகு ‘கைட்’ என்றேன். தாடை கீழே போய் மேலே ஏறியது. பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். ஒருவரும் விரல் மடக்கவில்லை. விரலுக்கு அங்கே வேலையில்லை.

“ரெண்டாவது வேற வாய்” என்றாள் ஒரு சின்னவள். “கொட்டாவி விட்டுட்டுச் சிரிக்கிற வாய்.”

அப்படியே பெயர் வைத்தோம். ஐ என்பது கொட்டாவி விட்டுச் சிரிக்கிற வாய். ஓ என்பது சூட்டுத் தேத்தண்ணி ஊதுகிற வாய். ஈ பல்லு விளக்குகிற வாய், யூ மீன் வாய். ஏ என்பதற்குப் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் கேக்கைக் கண்ட வாய் என்று முடிந்தது. நான் சத்தமில்லாமல் சொல்வேன், அவர்கள் சத்தமாகச் சொல்லிவிட்டுச் சுவரில் போய் எழுதுவார்கள். தறி அதன்பாட்டில் ஓடியது. தறி நின்றால்தான் பிள்ளைகளின் கவனம் கலையும் என்றாகிவிட்டது.

என் இங்கிலீஷ் கட்டையானது. அதையும் சொல்லிவிடுகிறேன். ‘கொடு’ என்பதற்கான ‘கிவ்’ என்ற சொல்லைக் கடைசி ஈயைக் கண்டுவிட்டு ‘கைவ்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒரு உம்மா வந்து நாகரிகமாகத் திருத்தினார். மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னேன், “இந்தச் சொல்லு சொல்வழி கேக்காதாம். நான் சொன்ன பிழை.” “எங்கட காக்கா மாதிரி” என்றான் ஒருவன், தன் அண்ணனைச் சொல்லி. அதற்குப் பிறகு சொல்வழி கேட்காத சொற்களைச் சுவரில் ஒரு பக்கமாக எழுதி அதற்குக் ‘காக்கா பக்கம்’ என்று பெயர் வைத்தோம்.

இது கல்முனைப் பக்கம் ஒரு நேர்சரி நடத்துகிறவரின் காதுக்குப் போனது. ஒருநாள் வந்து கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்போது தன்னுடைய நேர்சரிக்கு வரச் சொன்னார். போனேன். அங்கே டிப்ளோமா முடித்த ஒரு இளம் மிஸ் இருந்தார். நல்ல பிள்ளை. பாட்டு, விளையாட்டு, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்றவர்களைப் பார்ப்பது, எல்லாம் அவரிடம்தான் நான் பழகினேன். அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி, என்னுடையது கோழி கிளறியது. வாய்ப்பாடம் நான் எடுப்பேன், அவர் பார்த்துப் பழகினார். தவணை முடிவதற்குள் அவரும் என் அளவுக்கு எடுத்தார்.

பெற்றோர் தினம் வந்தது. அதற்கு முன்னர் நேர்சரிக்காரர் என்னைக் கூப்பிட்டார். அங்கே எல்லாரும் என்னையும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ராத்தா, பாடத்த மிஸ் செஞ்சு காட்டட்டும். நீங்க பின்னால தண்ணிப் பீப்பாய்க்கிட்ட நில்லுங்க. யாரும் கேட்டா ஆயா எண்டு சொல்லுங்க.”

“நான் ஆயா இல்லையே, சேர்.”

“எனக்குத் தெரியும். தாய் தகப்பன்மாருக்குச் சேட்டிபிக்கட் வேணுமே. நீங்க சொல்லிக் குடுப்பீங்களே, அந்தக் கடைசி ஈ, அது மாதிரித்தான் நீங்க. சத்தம் வராது. ஆனா நீங்க இல்லாட்டி ஒண்டும் நடக்காது.”

அவர் என்னைப் புகழ்வதாகத்தான் நினைத்தார்.

“அந்த ஈ எழுத்துக்கு முகம் இல்ல, சேர். எனக்கு இரிக்கி” என்றேன்.

“கோவிக்காதீங்க ராத்தா. அடுத்த தவணையும் வேல இரிக்கி. இதக் கெடுத்துக்காதீங்க.”

ஆயா வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைவிடக் கீழே என்று ஊர் சொல்கிற வேலை எல்லாம் செய்தவள் நான். செய்த வேலையை மறைத்ததில்லை. துணி துவைத்தபோது துவைத்தேன் என்றுதான் சொன்னேன். படிப்பித்ததை மட்டும் ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்? அந்த வேலை எனக்கு வேண்டித்தான் இருந்தது. வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தபோது ராத்தா சொன்னாள், “சும்மா ஒரு நாளைக்கு ஆயா எண்டு நில்லன்கா, என்ன குறைஞ்சு போற?” எது குறையும் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. குறையும் என்று மட்டும் தெரிந்தது.

பெற்றோர் தினத்தன்று நல்ல அபாயா போட்டுக்கொண்டு போனேன். தண்ணிப் பீப்பாய்க்கிட்ட நிற்கவில்லை. உம்மாமாரோடு முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். நேர்சரிக்காரர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மிஸ் முன்னால் வந்தார். அவர் ஆண்களுக்கு முன்னால் முகத்தை மூடுகிறவர். வகுப்பில் பிள்ளைகளோடு மட்டும் இருக்கும்போது திறந்துவிடுவார். அன்றைக்குப் பந்தலில் வாப்பாமார் இருந்ததால் மூடியிருந்தார். அது அவருடைய விருப்பம், அதில் எவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பாடம் முழுவதும் வாயில் இருக்கிறது என்பதை ஒத்திகை பார்த்தபோது ஒருவரும் யோசிக்கவில்லை. நேர்சரிக்காரரும் யோசிக்கவில்லை, மிஸ்ஸும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மிஸ் ‘கைட்’ என்ற அட்டையைத் தூக்கினார். ஒலிபெருக்கி இரைந்தது. கடல் காற்றில் தகரம் அடித்தது. பிள்ளைகள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். கறுப்புத் துணிதான் தெரிந்தது. வகுப்பில் ஒன்றையும் பிழை விடாத சின்னவன் ஒருவன் திணறி, மெல்லக் கையைத் தூக்கி, ஓதலில் பழகியபடி இரண்டு விரலை மடக்கினான். “கீ…ட்.” மற்றவர்களும் அவனைப் பார்த்து மடக்கினார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இதுக்கா இவ்வளவு காசு வாங்குற?” என்று ஒரு குரல் கேட்டது.

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருந்த இடத்திலிருந்தே நான் வாயசைத்திருக்கலாம். அவர்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள், நேர்சரிக்காரரும் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அடுத்த தவணையும் வேலை இருந்திருக்கும். அதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதிரையில் இருந்து வாய் அசைத்தால், நான் தண்ணிப் பீப்பாய்க்கிட்ட நின்றதாகத்தான் ஆகும்.

மிஸ்தான் முதலில் கையைக் காட்டினார். “ராத்தா, நீங்க வாங்க. எண்ட வாய் அவங்களுக்குத் தெரியல்ல” என்று மைக்கிலேயே சொன்னார். அந்தப் பிள்ளையின் நேர்மையை நான் மறக்கவில்லை.

எழும்பிப் போனேன். அட்டையை அவர் பிடித்துக்கொண்டார். மைக்கை நான் கீழே வைத்தேன். சத்தமில்லாமல் வாயைத் திறந்தேன். “கைட்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்த அட்டை. “போட்!” அடுத்தது. “கேக்!” ஒவ்வொன்றுக்கும் பந்தல் அமைதியாகும், பிறகு வெடிக்கும். உம்மாமார் சிலருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மருதமுனைப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் ஆளையாள் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த வாப்பா எழும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். “டீச்சர், பாடம் மிச்சம் நல்லா இரிக்கி. நீங்க எந்தக் கெம்பஸ்ல படிச்ச?”

நேர்சரிக்காரர் அவசரமாக முன்னால் வந்தார். கீழே வைத்த மைக்கை நான் எடுத்துக்கொண்டேன்.

“குவைத்துல, ஒரு வீட்டு அடுப்படியில. கத்தாமாவா இரிந்தன். அந்த வீட்டுப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கக்க மூலையில நிண்டு துணி அயர்ன் பண்ணிப் படிச்ச.”

கேட்ட வாப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னர் என்னை டீச்சர் என்று கூப்பிட்ட அதே முகம். “அப்ப எங்கட புள்ளையக் கத்தாமாக்கிட்டயா விட்டிருக்கம்?” என்று நேர்சரிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

“ஓம்” என்று நான்தான் பதில் சொன்னேன். “இப்ப உங்கட புள்ள வாசிக்கிது.”

நேர்சரிக்காரர் அடுத்த தவணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவரில் எனக்குக் கோபம் இல்லை, அவர் சனத்துக்குப் பயந்தார். மிஸ் இன்றைக்கும் அங்கே வாய்ப்பாடம் எடுக்கிறார். பிள்ளைகளோடு மட்டும் இருக்கும்போது எடுப்பதால் ஒரு கரைச்சலும் இல்லை. ஊரில் இரண்டு விதமாகவும் கதைத்தார்கள். வெட்கம் கெட்டவள் என்றார்கள். இனி இவள் இங்கே நிற்க மாட்டாள், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள் என்றார்கள். எனக்கும் கால் அரித்தது உண்மை. ஓமானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் விசாரிக்கக்கூடப் போனேன். ஆனால் போவதென்றால் போக நினைத்ததால் போக வேண்டும். வெட்கப்பட்டு ஓடினாள் என்று சொல்ல நான் விடமாட்டேன். கொட்டில் சுவரைக் கழுவிப் புதிதாக எழுதினேன்.

வருகிற பிள்ளைகள் முதலில் குறைந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்காரர் பிள்ளைகளை அனுப்புவதை விடவில்லை, தூரத்தில் இருந்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ராத்தா தறிக்குப் பின்னால் கிடந்த நூல் மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிள்ளைகள் இருக்க இடம் பெரிதாக்கினாள். அவள் எனக்குச் சொன்ன சமாதானம் அதுதான்.

பிறகு ஒரு பின்னேரம். இரண்டு தறியும் முழு ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு பெண் வந்து நின்றார், கையில் ஒரு பிள்ளை. அந்தச் சின்னவன்தான், முதலில் விரல் மடக்கியவன். ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிளில் அவனுடைய வாப்பா இருந்தார். கெம்பஸ் கேட்டவர். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஹோனை மட்டும் அடித்தார்.

அந்தப் பெண் உள்ளே பார்த்தார். தறிச் சத்தத்தில் கதைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்க்காரியாகத்தான் இருக்க வேண்டும். தலையை அசைக்காமல் வாயை மட்டும் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னார்:

“அவருக்கு விருப்பமில்ல. நான் கூட்டிட்டு வந்திட்டன்.”

ராத்தாவும் மச்சியும் வாசித்துவிட்டார்கள். மச்சி தறியை மிதித்தபடியே வாயால், “ஹோன் அடிச்சுக் கிடக்கட்டும்” என்றாள். பிள்ளைகள் எல்லாரும் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். முடக்கில் இருந்தவருக்கு அது ஏனென்று விளங்கியிருக்காது.

நான் பையனைப் பிடித்து முன்னால் இருத்தினேன். கரித்துண்டை எடுத்தேன். ஹோன் இன்னொரு தடவை அடித்தது. தறிச் சத்தத்துக்குள் அது பெரிதாகக் கேட்கவில்லை.